ஆற்றில் ஊற்றும் பாடம்

பரிசு அறிவித்தபோது நானும் அந்த மண்டபத்தில்தான் இருந்தேன். பரிசு வென்றது கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளி. பெயர் இங்கே தேவையில்லை. அதன் பசுமை மன்றப் பிள்ளைகள் ஓராண்டாக வீடு வீடாகப் பழத்தோல் சேர்த்து, சீனித் தண்ணீரில் புளிக்கவைத்து எக்கோ என்சைம் தயாரித்து, பள்ளிக்குப் பக்கத்துக் கால்வாயில் ஊற்றி வந்திருக்கிறார்கள். எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்பதற்குத்தான் புள்ளி. ஊற்றிய பிறகு அந்தத் தண்ணீர் என்ன ஆனது என்று நடுவர்கள் கேட்கவில்லை. கால்வாயிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு பார்த்ததாகவும் யாரும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் பொறுப்பாசிரியையிடம் தனியாகக் கேட்டேன். நல்ல பெண், சொந்தக் காசில் சீனி வாங்கிக் கொடுத்தவர். “ஒன்னுமே செய்யாம இருக்கறதுக்கு இது மேல் இல்லையா, ஐயா?” என்றார். அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பதில் இதுதான்.

கொடுக்க வேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிடுகிறேன். இயற்கை முறையில் செடி வளர்ப்பதை நம் மக்களிடம் தமிழிலேயே கொண்டுசேர்த்ததில் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் பெரிய பங்குண்டு. 1969இல் தொடங்கிய அந்தச் சங்கத்தைப் பல பத்தாண்டுகள் நடத்திய எஸ்.எம். முகமது இத்ரிஸ், 2019இல் மறையும்வரை அந்த வேலையைக் கைவிடவில்லை. பங்சாரில் மின்கம்பிகளுக்கு அடியில் சும்மா கிடந்த சரிவை, கெபுன்-கெபுன் பங்சார் என்ற தோட்டமாக அக்கம்பக்கத்தார் மாற்றிக் காட்டினார்கள். இரண்டும் மதிக்கத்தக்கவை. என்சைமுக்கும் ஒரு பயன் உண்டு. குளியலறைத் தரையின் உப்புக்கறையை அது எடுக்கும், பாசியைத் தளர்த்தும். கடையில் வாங்கும் காரமான திரவங்களுக்குப் பதில் ஒரு வீடு இதைப் பயன்படுத்தினால் நல்லதுதான். அதுவரை சண்டை இல்லை.

சண்டை, போத்தலைக் கால்வாயில் கவிழ்ப்பதில்தான். பதினைந்து ஆண்டுகளாக நான் சொல்லிவரும் மறுப்பு இது. 2009 ஆகஸ்டு 8ஆம் நாள் பினாங்கில், தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி, நுண்ணுயிர் கலந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மண்ணுருண்டைகளைக் கடலில் எறிந்தார்களே, அன்றே தொடங்கியது இந்தச் சங்கடம். அன்று உருண்டை, இன்று போத்தல்.

தாய்லாந்தின் ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய செய்முறை நம் வீடுகளில் மனப்பாடம்: பழுப்புச் சீனி ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். அப்போது வெளியேறுவது ஓசோன் என்றும், அது பூமியின் சூட்டைத் தணிக்கும் என்றும் எழுதிய துண்டறிக்கைகளைப் பிள்ளைகள் கையிலேயே பார்த்திருக்கிறேன். வெளியேறுவது கரியமில வாயு. தோசை மாவு பொங்கும்போது வருகிற அதே வாயு. சீனியை நுண்ணுயிர்கள் தின்கின்றன; கொஞ்சம் சாராயம் உண்டாகிறது, பிறகு அது புளித்துக் காடியாகிறது. என்சைம் என்று பெயர் இருந்தாலும் வேலை செய்வது பெரும்பாலும் அந்தப் புளிப்புதான். கால்வாயில் ஊற்றியதும் நாற்றம் குறைவதற்கும் காரணம் அதுவே: அம்மோனியாவைப் புளிப்பு கொஞ்ச நேரம் அடக்கி வைக்கிறது. ஆரஞ்சுத் தோலின் வாசம் மேலே மிதக்கிறது. அழுக்கு இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது.

அப்படியே இருந்தால்கூடப் பரவாயில்லை, கூடுகிறது. இதைக் கணக்குப் போட்டே காட்டலாம். ஆறாம் ஆண்டு மாணவரே போடக்கூடிய கணக்கு. ஒரு கிலோ சீனி தண்ணீரில் முழுதாகச் சிதைய ஒரு கிலோவுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் வேண்டும். போத்தலுக்குள் புளித்துக் காடியானாலும் அந்த ஆக்சிஜன் கடனில் பெரும்பகுதி கரைசலிலேயே நிற்கும். தாராளமாகப் பாதியைத் தள்ளிவிடுவோம். நம் ஊர் வெப்பத்தில், சுத்தமான ஆற்றுநீர்கூட ஒரு லிட்டரில் 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைத் தாங்காது. அப்படியானால் ஒரு கிலோ சீனி போட்ட பத்து லிட்டர் என்சைம், ஏறக்குறைய 70,000 லிட்டர் நல்ல தண்ணீரின் மூச்சைக் குடிக்கும். தண்ணீர்த் தடை நாட்களில் நம் தாமானுக்கு வருகிற லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் லாரி என்றால் ஏழு லாரித் தண்ணீர். பிறகு தோல்களிலிருந்து ஊறியது வேறு.

“ஆயிரத்துக்கு ஒன்று என்று கலந்துதானே ஊற்றுகிறோம்” என்பார்கள். எவ்வளவு தண்ணீரில் கலந்தாலும் போட்ட சீனி குறையாது. இந்த நாட்டின் 2009ஆம் ஆண்டுக் கழிவுநீர் விதிகள், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு வரம்பு வைத்திருக்கின்றன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் லிட்டருக்கு 20 மில்லிகிராம், மற்ற இடங்களில் 50. அதை மீறினால் நிலையம் நடத்துபவர் பதில் சொல்ல வேண்டும். பல்லாயிரம் மில்லிகிராம் கணக்கில் இருக்கும் கரைசலைப் பத்து வயதுப் பிள்ளை கையில் கொடுத்து, கால்வாயில் ஊற்றச் சொல்லி, படம் பிடித்துச் சான்றிதழும் தருகிறோம். ஒரு தொழிற்சாலை இதைச் செய்தால் நாம் புகார் எழுதுவோம்.

குப்பையாவது குறைகிறதா? ஒருவர் நாளொன்றுக்கு 1.17 கிலோ குப்பை போடுகிறார் என்பது அரசு சொல்லும் கணக்கு. வீட்டுக் குப்பையில் உணவுக் கழிவு மட்டும் 44.5 விழுக்காடு என்றது 2012ஆம் ஆண்டு ஆய்வு. வெளியே கடைகளில் சேரும் குப்பையைக் கழித்துவிட்டாலும், நால்வர் உள்ள வீட்டில் மூன்று மாதத்தில் நூறு கிலோவுக்கு மேல் உணவுக் கழிவு சேரும். அதே மூன்று மாதத்தில் பத்து லிட்டர் தண்ணீர் விட்ட போத்தல் வாங்கிக்கொள்வது மூன்று கிலோ, அதுவும் பழத்தோலும் காய்த்தோலும் மட்டும். மிஞ்சிய சோறு, குழம்பு, எலும்பு, சாப்பிட்ட இலை எதற்கும் போத்தலில் இடமில்லை. அந்த மூன்று கிலோவுக்காக ஒரு கிலோ சீனியைப் புதிதாகக் கடையில் வாங்குகிறோம். மலேசியா சீனிக்கான கச்சாப் பொருளைக் கப்பலில் வரவழைக்கும் நாடு. அதே தோலை மண்ணில் புதைத்தால் சீனியும் வேண்டாம், போத்தலும் வேண்டாம்.

இந்தக் கணக்குகளைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. ஒரு சனிக்கிழமை மாலை, கோலாலம்பூரின் லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இரவுச்சந்தை கூடும் நேரம், மஸ்ஜித் இந்தியாவின் ஒரு பின்சந்தில் நின்றுகொண்டிருந்தேன். தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து ஓர் இளைஞர் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். ராமநாதபுரத்துப் பேச்சு. எச்சிலைக் கறுப்புப் பையில் தட்டினார், தட்டை நீல வாளியில் முக்கினார், கடைசியில் வாளியைக் கால்வாயின் கம்பித்தட்டு மேல் கவிழ்த்தார். ஆட்டுக்கொழுப்பும் மாவும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் திரைந்து, கம்பிகளுக்கிடையே நூல் நூலாகத் தொங்கியது. பிறகு பொரித்த எண்ணெய், அதுவும் அங்கேதான். “அண்ணே, இது எங்க போகுதுன்னு தெரியுமா?” என்று கேட்டேன். “மழ பேஞ்சா போயிடும்ண்ணே” என்றார். போகும் இடம் நடந்தே போகும் தூரம்தான். மஸ்ஜித் ஜாமெக் பக்கத்தில் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேருகிற இடம். 440 கோடி வெள்ளித் திட்டம் என்று அறிவித்து, ‘ரிவர் ஆஃப் லைஃப்’ (வாழ்வாறு) என்று பெயர் வைத்து, இரவில் நீல விளக்குப் போட்டிருக்கிறார்களே, அதே கரை.

அந்த இளைஞர் செய்ததும் பிள்ளைகள் செய்ததும் ஒரே செயல்தான்: கால்வாயில் ஊற்றுவது. ஒருவர் அழுக்கை ஊற்றினார். மற்றவர்கள் நல்லதென்று நம்பி ஊற்றினார்கள். கால்வாய் என்பது எதையும் ஊற்றக்கூடாத இடம், அதற்குப் பின்னால் ஆறு இருக்கிறது என்பதுதான் முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும். நாம் அதைத் தலைகீழாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். நம் பழைய கடைவீடுகளிலும் வரிசை வீடுகளிலும் கழிப்பறை நீர் இண்டா வாட்டர் நிறுவனத்தின் கழிவுக்குழாய்க்குப் போகும். சமையலறைத் தொட்டி நீர் பல இடங்களில் நேராக வாசல் கால்வாய்க்குத்தான் போகிறது. இது தெரிந்த பிள்ளை எத்தனை பேர்? சொந்த வீட்டுக்காரரே எத்தனை பேர்?

2024 ஆகஸ்டு 23 காலை ஜாலான் மஸ்ஜித் இந்தியாவின் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண் குழிக்குள் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. அந்தத் துயரத்தை என் வாதத்துக்குள் இழுக்க மாட்டேன். குழி விழுந்ததற்கு எண்ணெய்தான் காரணம் என்று சொல்லவும் இல்லை. ஆனால் தேடியவர்கள் நிலத்தடிக் கழிவுக்குழாயில் எதிர்கொண்டது மறக்கக்கூடியதல்ல. மனிதக் கழிவும் முடியும் சமையல் எண்ணெயும் சேர்ந்து இறுகிப்போன அடைப்பு. வேகமாக நீரைப் பாய்ச்சி அதை உடைக்க வேண்டியிருந்தது. நாம் ஊற்றியது எதுவும் “போய்விடவில்லை”. இவ்வளவையும் பார்த்த பிறகும், அதே ஆண்டும் அடுத்த ஆண்டும், நம் பசுமை வகுப்புகளில் எண்ணெய் பற்றி ஒரு மணி நேரம்கூட ஒதுக்கியதை நான் காணவில்லை. கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் எண்ணெய்ப்பொறி உணவகத்துக்குக் கட்டாயம். பொரித்த எண்ணெயைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்க ஆள் வருகிறார்கள். அந்தச் சந்து இளைஞருக்கு இதை யார் சொன்னார்கள்? நம் வகுப்புகள் முற்றம் உள்ள வீட்டுக்காரரைக் கூப்பிடுகின்றன. மஸ்ஜித் இந்தியாவின் கடை மாடியில் எட்டுப் பேராகப் படுப்பவரையும், அடுக்குமாடியின் பதினான்காம் மாடிக்காரரையும் கூப்பிடுவதில்லை.

என் பாட்டி ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கையால் வெட்டிய வாய்க்கால் வழியாக வாழைக்கன்றுகளுக்கு விடுவார். சோப்புக்குப் பதில் சாம்பல். எண்ணெய்ச் சட்டியை முதலில் தவிட்டால் துடைத்து, தவிட்டைக் கோழிக்குப் போடுவார். எது எங்கே போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும். கண்ணெதிரே வாழை நின்றது. தோட்டங்கள் தாமான்களாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறியபோது நாம் மண்ணை மட்டும் இழக்கவில்லை, அந்தத் தொடர்பும் கண்ணிலிருந்து மறைந்துபோனது. அதைத் திரும்பக் காட்டுவதுதான் பசுமைக் கல்வியின் வேலை. போத்தல் அதைக் காட்டுவதில்லை, மறைக்கிறது.

அந்த ஆசிரியையின் கேள்விக்கு என் பதில்: இல்லை, மேல் இல்லை. ஒன்றும் செய்யாத பிள்ளைக்கு, ஆறு கெட்டிருக்கிறது என்ற கவலையாவது மிஞ்சும். ஊற்றிவிட்டு வந்த பிள்ளைக்கு, ஆற்றைச் சுத்தம் செய்துவிட்டோம் என்ற திருப்தி வந்துவிடுகிறது. அந்தத் திருப்தியோடு வளர்ந்தவரிடம் நாளை எண்ணெய்ப்பொறி பற்றிப் பேசினால் எடுபடாது. செய்யவும் வேறு வேலை இல்லாமலில்லை. கோலாலம்பூரில் குப்பையைப் பிரித்துப் போடுவது 2015 செப்டம்பர் முதல் சட்டம். கிள்ளானுக்கு வந்தால் வேறு நிர்வாகம், வேறு நடைமுறை. இதைத் தமிழில் தெளிவாகச் சொல்ல ஆள் வேண்டும். கொசுவை ஒழிப்பதும் ஒரு வேலைதான்: 2023இல் நாட்டில் 1,23,133 பேருக்கு டெங்கி வந்தது, நூறு பேர் இறந்தார்கள். அதே பரிசளிப்பு மண்டபத்தின் வாசலில் வைத்திருந்த பூச்சட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்கி நின்றது. குனிந்து பார்த்தேன், புழு நெளிந்தது.

டீச்சர், இதைப் படித்தால் என் மேல் கோபப்படாதீர்கள். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளை மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறக்கி, மஸ்ஜித் இந்தியாவின் பின்சந்துகளுக்குக் கூட்டிப் போங்கள். அங்கிருந்து கால்வாயோடு ஆறுவரை நடக்கவிடுங்கள். வழியில் மூன்று இடத்தில் தண்ணீர் மொண்டு, கண்ணாடிக் குவளையில் வரிசையாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியில் என்சைம் மிஞ்சியிருந்தால் கழிப்பறையைக் கழுவுங்கள். ஆற்றில் ஊற்றாதீர்கள்.