முக்கோணத்துக்குள் அடங்காத பெண்கள்

தணிக்கை படித்த மாணவிகளுக்கு 'மோசடி முக்கோணம்' தெரிந்திருக்கும். நெருக்கடி, வாய்ப்பு, நியாயப்படுத்தல் ஆகிய மூன்றும் கூடும்போதுதான் நம்பி ஒப்படைத்த பணத்தில் ஒருவர் கைவைக்கிறார் என்பது பாடம். இதன் வேர், அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி 1953இல் வெளியிட்ட 'பிறர் பணம்' என்ற ஆய்வில் இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி உண்டு: அது யாருடைய மனத்தைப் பற்றிப் பேசுகிறது?

கையாடல் செய்து சிறையிலிருந்தவர்களிடம் கிரெஸ்ஸி பேசினார். அத்தனை பேரும் ஆண்கள். அவர்களுக்கு வெளியே சொல்ல முடியாத பணச் சிக்கல் ஒன்று இருந்தது. சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று அஞ்சினார்கள். 'கடனாகத்தான் எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன்' என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்கள். இது மாட்டிக்கொண்ட பின் சொல்லும் சாக்கு அல்ல, கைவைப்பதற்கு முன்பே மனத்தில் தயாராகிவிடும் சமாதானம் என்று காட்டியதுதான் கிரெஸ்ஸியின் பெரிய பங்களிப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'கடன்' என்று சொல்லிக்கொள்ளவும், காப்பாற்ற ஒரு மதிப்பு இருக்கவும், சமூகத்தில் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் எல்லோருக்கும் உண்டு என்று கோட்பாடு எடுத்துக்கொள்கிறது.

1981இல் டோரத்தி ஸீட்ஸ், கலிபோர்னியாவில் சிறையிலிருந்த பெண்களை ஆய்வு செய்தார். அவர்களில் பலர் கிரெஸ்ஸியின் வரையறைக்குள் வரவில்லை. கணவனுக்காக, பிள்ளைக்காக, குடும்பத்தின் தேவைக்காக எடுத்ததாகச் சொன்னார்கள். 'கடன்' என்ற சமாதானம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கடமை என்ற சமாதானமே போதுமானதாக இருந்தது. ஸீட்ஸின் திருத்தம் முக்கியமானது. ஆனால் அவர் வைத்த பெயர்கள் என்னை உறுத்துகின்றன: 'வெறிகொண்ட காப்பாளர்கள்', 'காதல் கனவுக்காரிகள்'. ஆண் திருடினால் சிந்தித்திருக்கிறான். பெண் திருடினால் உருகியிருக்கிறாள். தியாகத் தாய் என்ற படிமம் சிறைக்குள்ளும் துரத்தி வருகிறது. பேராசையால் எடுத்த பெண்களும் ஸீட்ஸின் பட்டியலில் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது குரல் கேத்லீன் டேலியுடையது. பெண்விடுதலை குற்றத்திலும் பெண்ணை ஆணுக்கு நிகராக்கும் என்று 1975இல் ஃப்ரீடா ஆட்லர் வாதிட்டிருந்தார். பெண்கள் வேலைக்குப் போவதைக் குறைசொல்ல விரும்பியவர்களுக்கு அது வசதியாக இருந்தது. டேலி 1989இல், அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் வெள்ளைக் காலர் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்தார். வேலையிலிருந்த ஆண்களில் பெரும்பாலோர் மேலாளர்கள், நிர்வாகிகள். பெண்களில் பெரும்பாலோர் எழுத்தர்கள். ஆண்கள் கூட்டாகவும் நிறுவனத்தின் வசதிகளைப் பயன்படுத்தியும் பெருந்தொகைக்குக் குறிவைத்தார்கள். பெண்கள் குறிவைத்த தொகை சிறியது. அவர்களின் குற்றத்தை விளக்குவது முன்னேற்றம் அல்ல, பணியிடத்தின் ஓரத்தில் வைக்கப்பட்டிருந்த நிலைதான் என்றார் டேலி.

இங்கே ஒரு முரண் தெரிகிறது. 1939இல் எட்வின் சதர்லேண்ட் 'வெள்ளைக் காலர் குற்றம்' என்ற சொல்லைக் கொண்டுவந்தது, மதிப்பும் அந்தஸ்தும் உள்ளவர்களின் குற்றங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான். கடைசியில் கல்லாவில் நின்ற பெண்ணும் அதே தலைப்பின் கீழ் எண்ணப்படுகிறாள்.

முக்கோணத்தில் நான் திருத்தக் கேட்பது 'வாய்ப்பு' என்ற மூலையைத்தான். பாடநூல் அதைப் பூட்டாத பெட்டி, சரிபார்க்காத கணக்கு என்று விளக்குகிறது. உண்மையில் அலுவலகத்தில் யார் எங்கே உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதுதான் வாய்ப்பு. காசாளர் எடுத்தால் அன்று மாலையே இருப்பு இடிக்கும். கணக்கையே மாற்றி எழுதும் அதிகாரம் உள்ளவர் எடுத்தால் ஆண்டுகள் ஆகலாம். காசாளரின் தலைக்கு மேல் கேமரா இருக்கிறது. கையெழுத்திடும் அறையில் பெரும்பாலும் இல்லை.

பெண்கள் திருடமாட்டார்கள் என்று நான் வாதாடவில்லை. மோசடியின் மனத்தைப் படிக்கும் மாணவிகள், அந்த மனம் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.