சின்னத்திரையின் வார்ப்பு மனிதர்கள்

தமிழ்த் தொலைக்காட்சித் தொடரில் ஒரு பாத்திரம் முதன்முறை முகம் காட்டும்போதே அது எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடுகிறது. அழுத்தமான கண்மையும் பளபளக்கும் சேலையும் என்றால் வில்லி. நூல்புடவையும் தளரப் பின்னிய சடையும் என்றால் கதாநாயகி. முறுக்கிய மீசையும் வெள்ளை வேட்டியும் என்றால் தென்மாவட்டத்துக் கண்டிப்பான அண்ணன். காபித் தட்டோடு வந்துபோகும் வேலைக்காரப் பெண்ணுக்கு ஒரு வீடோ பிள்ளைகளோ இருப்பதாகவே கதை காட்டாது. மனிதர்களையும் ஊர்களையும் இப்படி ஒரே அச்சில் வார்க்கும் வழக்கம் வெறும் சோம்பலால் வந்ததன்று. அதற்குத் தொழில் சார்ந்த காரணம் இருக்கிறது, பயனும் இருக்கிறது.

1975இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் தொடர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருநாள் வந்து, சில மாதங்களில் முடிந்தன. 1993இல் சன் டிவி வந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் தினசரி நெடுந்தொடர் வேரூன்றியது. விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட காட்சிகளை நாள்தோறும் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். கைக்கு வந்த வசனத்தை அன்றைக்கே படமாக்கும் அவசரத்தில் ஒரு பாத்திரத்தை நின்று செதுக்க முடியாது. பார்ப்பவர்களும் முழுக் கவனத்தோடு உட்கார்ந்திருப்பதில்லை. அடுப்பில் குழம்பைக் கிளறியபடியும் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தபடியும் காதால் கேட்டே கதையைத் தொடர்பவர்கள் பலர். வில்லிக்கென்று தனிப் பின்னணி இசை தேவைப்படுவது அதனால்தான். பத்து நாள் பார்க்காமல் விட்டவரும் சட்டென்று கதைக்குள் திரும்பிவிட முடிகிறது.

இந்த எளிமை நல்ல காரியத்துக்கும் உதவியிருக்கிறது. ‘மெட்டி ஒலி’ (2002–2005) ஐந்து பெண்களைக் கரையேற்றும் தந்தை, மருமகளை வாட்டும் மாமியார் எனத் தெருவுக்குத் தெரு தெரிந்த வார்ப்புகளின் மேல் எழுந்த தொடர். புகுந்த வீட்டுக் கொடுமையைத் தன் கதையாகச் சொல்லத் தயங்கிய பெண், தொடரின் கதையாக அதைப் பேச முடிந்தது. ‘எதிர்நீச்சல்’ தொடரில் (2022–2024) வீட்டுக்கு வந்த படித்த மருமகள்களைச் சமையற்கட்டில் முடக்கிவைக்கும் ஆதி குணசேகரனும் பழகிய அச்சில் வந்தவர்தான். 2023 செப்டம்பரில் காலமான நடிகர் ஜி. மாரிமுத்து அந்த அச்சுக்குள் வீம்பையும் தற்பெருமையையும் உள்ளூர ஓடும் பயத்தையும் சேர்த்து ஒரு மனிதரை நிறுத்தினார்.

ஆனால் அவசரம் என்ற சமாதானம் ஓர் எல்லை வரைதான் செல்லும். ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,500க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. எந்தத் திரைப்படத்துக்கும் கிடைக்காத கால அளவு இது. மனிதர்கள் மாறுவதையும் முரண்படுவதையும் தம் செயலுக்குக் காரணம் தேடுவதையும் காட்ட இதைவிடத் தோதான வடிவம் இல்லை. இவ்வளவு இடம் இருந்தும் பெரும்பாலான தொடர்களில் வில்லி முதல் வாரத்தில் எப்படி இருந்தாரோ அப்படியே இறுதி வாரம் வரை இருக்கிறார். அவர் திருந்தினால் சண்டை முடியும். சண்டை முடிந்தால் டிஆர்பி இறங்கும் என்று சேனல்கள் அஞ்சுகின்றன. பாத்திரம் மாறாமல் நிற்பது இந்தக் கணக்கால்தான். இதில் பெண்கள் மிகுதியாக அடிபடுகிறார்கள்: பொறுத்துப் போகிறவள் நல்லவள், எதிர்த்துக் கேட்பவள் குடும்பத்தைக் கெடுப்பவள் என்ற பிரிவு ஆயிரக்கணக்கான மாலைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது.

நிறத்தின் கதையும் இதுவே. விஜய் டிவியின் ‘பாரதி கண்ணம்மா’ (2019–2023) கறுப்பான பெண்ணை நாயகியாக்கியது. அவள் வீட்டுக்குள்ளேயே படும் இழிவைக் காட்டியது. அது துணிவான தொடக்கம். எனினும் கறுப்பு நிறம் அங்கும் ஒரு துயரமாகவே அறிமுகமாகிறது. தமிழ்நாட்டின் தெருக்களில் மிகச் சாதாரணமாக இருக்கும் ஒரு நிறம், திரையில் வருவதற்கு ஒரு சோகக் கதையைக் காரணமாகக் காட்ட வேண்டியிருக்கிறது. நகைச்சுவை நிகழ்ச்சிகளிலோ அதே நிறமும் பருமனும் கேலிக்கான பொருள்கள். அங்கே இரக்கத்துக்கும் இடமில்லை.

ஊர்களின் வார்ப்பு இன்னும் ஆழமாகப் படிகிறது. திரையில் மதுரை என்றால் கோபுரம், அரிவாள், அடங்காத ஆண்கள். 2004 முதல் அங்கே உயர் நீதிமன்றக் கிளை இயங்குகிறது. தென்மாவட்டங்களிலிருந்து வழக்காட வரும் பெண்களையும் வாதாடும் பெண் வழக்கறிஞர்களையும் நாள்தோறும் பார்க்கும் நகரம் அது. அந்த மதுரை தொடர்களில் அரிதாகவே தென்படுகிறது. கொங்குப் பகுதி பெரிய வீட்டுப் பண்ணையாராகச் சுருங்குகிறது. வடசென்னை அடிதடியாகவும் கொச்சைப் பேச்சாகவும் மட்டும் வருகிறது.

மாமியார் வார்ப்பையும் மதுரை வார்ப்பையும் ஒன்றாக எடைபோடக் கூடாது. மாமியாரோ நாத்தனாரோ பெரும்பாலான வீடுகளில் உண்டு. திரையில் வருவது மிகையா இல்லையா என்று பார்ப்பவர் தாமே ஒப்பிட்டுக்கொள்வார். மதுரையையே பார்த்திராத கிருஷ்ணகிரிக்காரருக்கும், திருநங்கை ஒருவரோடு பேசியிராதவருக்கும், வடமாநிலத் தொழிலாளியின் பெயரைக்கூடக் கேட்டறியாதவருக்கும் ஒப்பிட வேறு எதுவும் இல்லை. நேரில் காணாத உலகத்தை மனத்தில் ஏற்கெனவே பதிந்த படங்களைக் கொண்டே மனிதர்கள் மதிப்பிடுகிறார்கள் என்று அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் 1922இலேயே விளக்கினார். வாடகைக்கு வீடு கேட்டு வருபவர் முன்னும், வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவர் முன்னும் அந்தப் படம்தான் முந்திக்கொண்டு நிற்கிறது.

வசன எழுத்தாளர்கள் மட்டும் இதை மாற்றிவிட முடியாது. கதையின் போக்கைத் தீர்மானிப்பவை சேனல்களின் நிகழ்ச்சிப் பிரிவுகள். ஊர் மாறும்போது அந்த ஊரில் வாழ்ந்து எழுதுபவரைக் கதைக் குழுவில் சேர்ப்பது அவற்றால் இன்றே செய்யக்கூடிய காரியம். ஆயிரம் பகுதிகள் ஓடும் கதையில் காபித் தட்டு ஏந்தி வரும் பெண்ணின் வீட்டுக்கும் சில பகுதிகளை ஒதுக்கலாம். பார்வையாளர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.