நரையும் துணையும்

ஆண்டு பலவாகியும் தலை நரைக்காமைக்குக் காரணம் யாது என்று பிசிராந்தையாரைச் சான்றோர் வினவினர். அவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே புறநானூற்றின் 191ஆம் பாட்டு. தமிழ் வகுப்பறைகளில் நன்கு அறிமுகமான பாட்டு அது. ஆயினும் அவ்வினா எழுந்த இடம் எது என்பதைக் கற்பிப்போரும் கற்போரும் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. உண்ணாநோன்பு பூண்டு உயிர்விடத் துணிந்து வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனிடம் பிசிராந்தையார் சென்றபோது, அங்கிருந்த சான்றோர் கேட்ட வினா அது என்று பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பு கூறுகிறது. ஒருவர் உயிர் பிரியக் காத்திருக்கும் இடத்தில் முதுமை பற்றிய வினா எழுகிறது. இச்சூழலை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் படிப்போர் அதன் பாதியையே படித்தவர் ஆவர்.

இப்பாட்டையும் இதனோடு தொடர்புடைய பிற பாட்டுகளையும் நட்பின் இலக்கணமாகக் காண்பதே நெடுநாளைய வழக்கு. நேரிற் பழகாமலே உணர்ச்சியால் ஒத்தவர் நட்புக்குப் பரிமேலழகர் தம் திருக்குறள் உரையில் இவ்விருவரையே சான்றாகக் காட்டினார். பாரதிதாசன் இயற்றிய ‘பிசிராந்தையார்’ நாடகம் 1969இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. இவ்வழக்குத் தவறன்று. எனினும் எல்லாவற்றையும் நட்பு என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கியதால், அப்பாட்டுகள் கூறும் மற்றொரு செய்தி மறைந்துவிட்டது. சாவை எதிர்நோக்கும் ஒருவர்க்கு அவரைச் சூழ்ந்திருப்போர் செய்யத்தக்கது யாது என்பதே அது. இன்று ஹாஸ்பிஸ் என்னும் பெயரால் உலகெங்கும் நடைபெறும் பணியின் உள்ளீடும் அதுவே.

புறநானூற்றின் 213 முதல் 223 வரையுள்ள பாட்டுகளைத் தொடர்ச்சியாகப் படித்தால் இது விளங்கும். தொடக்கத்தில் நிற்பது குடும்பத் துயரம். பெற்ற மக்களே தந்தையை எதிர்த்து நின்றனர். தந்தையும் படை திரட்டினான். அவர்கள் தோற்றால் நாட்டை யாருக்கு விட்டுச் செல்வாய், நீ தோற்றால் மகிழ்பவர் நின் பகைவர் அல்லரோ என்று புல்லாற்றூர் எயிற்றியனார் இடித்துரைத்தார். போரைக் கைவிட்ட மன்னன் வடக்கிருக்கத் துணிந்தான். மக்களால் கைவிடப்பட்ட தந்தை ஒருவரின் இறுதி நாட்களே இப்பாட்டுகளின் களம் என்பதை முதலிற் கொள்ளுதல் வேண்டும்.

அடுத்து வருவன மன்னன் தானே பாடியவை. பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழும் ஆந்தை, செல்வக் காலத்தில் வாராது போயினும் அல்லற் காலத்தில் வாராதிரான் என்கிறான். முன்பின் கண்டறியாதவர் வருவாரோ என்று பிறர் ஐயுற்றபோது, அவருக்கு ஓர் இடம் விட்டு வைக்குமாறு சொல்கிறான். அவன் சொன்னபடியே அவர் வந்ததைக் கண்டு பொத்தியார் வியந்தார். ஆற்றிடைக்குறையின் மரநிழலில் மன்னனோடு வேறு பலரும் வடக்கிருந்தனர் என்பதைக் கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனார் பாட்டால் அறியலாம்.

உடன் இருக்க விழைந்த பொத்தியாரை மட்டும் மன்னன் தடுத்தான். மனைவி கருவுற்றிருந்தமையால், மகன் பிறந்தபின் வருக என்று திருப்பி அனுப்பினான். சாகப்போகும் மனிதர் பிறருடைய பரிவைப் பெறுபவர் மட்டும் அல்லர். பிறர்மீது பரிவு காட்டும் ஆற்றல் அவரிடம் இறுதிவரை உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. மன்னன் மறைந்தபின், உறையூர்க்கு மீண்ட பொத்தியார் வெறுமையான மன்றத்தைக் கண்டு அழுதார். நெடுநாள் பேணிய யானை இறந்தபின் அது கட்டப்பட்டிருந்த தறியைக் காணும் பாகனோடு தம்மை ஒப்பிட்டார். பின்னர் மகன் பிறந்தபின் நடுகல்லின் முன் வந்து நின்று, தமக்குரிய இடம் எது என்று கேட்டார். கல்லான பின்னும் அவன் இடம் கொடுத்தான் என்று 223ஆம் பாட்டு முடிகிறது.

216, 222, 223 ஆகிய மூன்று பாட்டுகளிலும் ‘இடம்’ என்னும் சொல் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் எனத் தோன்றவில்லை. பதினொரு பாட்டுகளையும் பிணைக்கும் நூல் அச்சொல்லே. நோயைத் தீர்த்தலோ சாவைத் தடுத்தலோ இங்கு எவர் கையிலும் இல்லை. அருகில் இடம் விட்டு வைத்தலும், அவ்விடத்தில் வந்து அமர்தலும், சென்றவர்க்காக வருந்துவோர்க்கும் ஓர் இடம் அளித்தலுமே செய்யக்கூடியவை. அம்மூன்றையும் அங்கிருந்தோர் செய்தனர்.

இப்பின்னணியில் 191ஆம் பாட்டை மீண்டும் நோக்குதல் தகும். நரையின்மைக்குக் காரணமாகப் பிசிராந்தையார் உணவையோ மருந்தையோ கூறவில்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், தீமை செய்யாது காக்கும் வேந்தன், தம் ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோர் பலர் என ஐந்தை அடுக்குகிறார். வீட்டில் தொடங்கி, நாட்டைத் தொட்டு, ஊரில் வந்து முடிகிறது அவ்வரிசை. மக்களால் கைவிடப்பட்ட தந்தை வடக்கிருந்த இடத்தில், என் மக்கள் நிரம்பியவர் என்று ஒருவர் கூறுவது முதற்பார்வையில் கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் பட்டியல் மக்களோடு நின்றுவிடவில்லை. ஊரில் உள்ள சான்றோரையே இறுதியில் வைக்கிறது. சோழனுக்கு இல்லாமற்போனது வீட்டின் துணை. அவனைச் சூழ வந்தமர்ந்தவர் சான்றோர். வீடு தவறிய இடத்தில் ஊர் நிற்கவேண்டும் என்பதே இப்பாட்டு அவ்விடத்தில் பெறும் பொருள்.

இதனால் பண்டைத் தமிழகம் முதியோர்க்கெல்லாம் பொற்காலமாய் இருந்தது என்று கொள்ளுதல் கூடாது. 243ஆம் பாட்டில், தடியூன்றி, இருமலுக்கிடையே சில சொல் பேசும் முதியவர், மடுவில் குதித்து மணல் அள்ளிவந்த இளமையை நினைந்து ஏங்குகிறார். அப்பாட்டைப் பாடியவரின் இயற்பெயரும் மறைந்தது; தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவர் பாட்டிலுள்ள தடியே பெயராய் நின்றது. 195ஆம் பாட்டில் நரிவெரூஉத்தலையார், மீன்முள் போல் நரைத்த முதியோரை நோக்கி, நல்லது செய்ய இயலாவிடினும் தீயது செய்யாதீர் என்று கடிந்துரைக்கிறார். நரை ஒன்றே மதிப்பைத் தந்துவிடும் என்று சங்கப் புலவர் கருதவில்லை.

மற்றொன்றும் ஒளிக்காமற் சொல்லத்தக்கது. வடக்கிருத்தல் வேறு, ஹாஸ்பிஸ் வேறு. மானம் கருதித் தானே உயிர்விடுதல் அது. வலி தணிப்பு மருத்துவமோ சாவை விரைவுபடுத்துவதும் இல்லை, ஒத்திப்போடுவதும் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த நெறி. ஆகவே சோழன் செய்தது இன்றைக்கு முன்மாதிரி ஆகாது. அவனைச் சூழ்ந்திருந்தோர் செய்ததே முன்மாதிரி.

அச்செயலுக்குத் திருக்குறள் ஒரு பெயர் தந்துள்ளது. மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக அது சேர்ப்பது ‘உழைச்செல்வான்’ என்னும் துணையாளரை. உழை என்பது பக்கம். பக்கத்திருந்து உதவுபவர் இல்லையேல் மருத்துவம் நிறைவுறாது என்பது வள்ளுவர் துணிபு. பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்த ஆதுலர் சாலையொன்றைக் குறிப்பிடுகிறது. 15 படுக்கைகள் கொண்ட அச்சாலையில் மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர் ஆகியோரோடு நோயாளரைப் பேணும் பெண்களுக்கும் ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது. உழைச்செல்வோர் குறளில் மட்டும் வாழவில்லை. அரசின் கணக்கிலும் இடம் பெற்றனர்.

மேனாட்டில் ஹாஸ்பிஸ் என்னும் சொல், வழிப்போக்கர்க்கும் நோயுற்றோர்க்கும் இடமளித்த விருந்தோம்பல் இல்லங்களுக்கு வழங்கியது. செவிலியாகவும், பின்னர் மருத்துவச் சமூகப் பணியாளராகவும் இருந்து மருத்துவம் கற்ற சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிசைத் தொடங்கி அச்சொல்லுக்குப் புதுப்பொருள் தந்தார். வலி மீண்டும் வரும்வரை காத்திராமல், உரிய கால இடைவெளியில் மார்பின் கொடுத்துவரவேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். உடல், மனம், உறவு, ஆன்மா ஆகிய நான்கிலும் வலி உண்டு என்பதும் அவர் கொள்கை. மருந்து முதலாவதை ஆற்றும். மற்ற மூன்றுக்கும் ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதற்கு விடை கண்டது கேரளம். 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து, மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் பிறரும் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். அதன் தொடர்ச்சியாக மலப்புறத்திலும் பிற இடங்களிலும் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று, படுத்த படுக்கையாய் இருப்போரை வீடு தேடிச் சென்று காணும் முறை பரவியது. புண்ணைத் துடைப்பது செவிலியர் வேலை. அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, பேச்சுத்துணை உண்டா என்று பார்ப்பது ஊரார் வேலை. 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாக அறிவித்தது. மலேசியாவில் 1991இல் கோலாலம்பூரில் தோன்றிய ஹாஸ்பிஸ் மலேசியா, நோயாளர் இல்லங்களுக்கே சென்று கட்டணமின்றிப் பணி செய்துவருகிறது. 2019 முதல் 2030 வரைக்குமான தேசிய வலி தணிப்புக் கொள்கையை மலேசிய அரசு வகுத்துள்ளது. ஆயினும் கொள்கை ஏடு எத்துணைச் சிறந்ததாயினும், நோயாளர் பக்கத்தில் வந்து அமரவேண்டியவர் அந்தந்த ஊராரே.

ஜொகூரில் உள்ள செனாயை எடுத்துக்கொண்டால் இதன் அருமை புலனாகும். ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த நிலம் அது. 1974இல் அங்கே வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. தொழிற்பேட்டைகளும் தாமான்களும் பெருகின. இத்தகைய ஊர்களின் தோட்ட வாழ்வை முதியோரின் சொர்க்கமாக இன்று சிலர் நினைவுகூர்கின்றனர். அந்நினைவில் உண்மை உண்டு. பால்மரம் வெட்ட இயலாத பாட்டிமார் பலர் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டனர். ஒரு லயத்தில் சாவு என்றால் எல்லா லயமும் கூடியது. ஆனால் லயத்து வீடு வேலைக்குரிய வீடு. வேலை போனால் வீடும் போகும். உழைத்து ஓய்ந்தவர், தோட்டத்தில் வேலை செய்யும் பிள்ளையோடு ஒண்டியிருந்தாலன்றி, அங்கே அவருக்கென்று இடம் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது பலருக்கு அந்த ஒண்டலும் போயிற்று. ஊரைத் தந்த தோட்டம், இடத்தை உரிமையாகத் தரவில்லை என்பதை மறந்துவிட்டு அதனைப் புகழ்தல் வரலாறு ஆகாது.

தாமானிலோ வீடு சொந்தம், ஊர்தான் இல்லை. மகனும் மருமகளும் பொழுது புலருமுன் சிங்கப்பூர்க்கோ தொழிற்சாலைக்கோ சென்றுவிடுவர். பேரப்பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வர். பூட்டிய இரும்புக் கதவுக்குள் முதியவர் ஒருவர் பகல் முழுதும் தனித்திருப்பார். அவரைக் கைவிட்டவர் எவரும் இல்லை. ஆயினும் அவர் அருகில் எவரும் இல்லை. இது சோழன் மக்கள் செய்த பகை போன்றதன்று. பிழைப்புக்காக ஓடும் மக்களின் அன்பு மாலைவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. இவ்விடைவெளியை வீடு மட்டும் நிரப்ப இயலாது. பிசிராந்தையார் பட்டியலின் ஐந்தாம் கூறாகிய ஊர்ச் சான்றோர்க்கு வேலை இங்கேதான் தொடங்குகிறது. அடுத்த தெருவிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் வந்து அமர்பவரே தாமானின் உழைச்செல்வான்.

191ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், நரை வாராமைக்குரிய காரணங்களை மனப்பாடம் செய்வித்து விட்டுவிடாமல், 213 முதல் 223 வரையுள்ள பாட்டுகளின் கதையையும் சேர்த்துச் சொல்லுதல் நலம். உங்கள் தெருவில் பகலில் தனித்திருக்கும் தாத்தா யார், பாட்டி யார் என்று மாணவரை ஒரு கேள்வி கேட்டால் போதும். பாட்டின் பொருளை அவர்களே அறிந்துகொள்வர். உறையூர்ச் சோழன் அருகில் ஓர் இடத்தை விட்டுவைத்தவர்கள், அவர் வருவாரோ என்று முதலில் ஐயுற்றவர்கள். வருவார் என்று நம்பியே அவ்விடத்தைக் காத்தனர். அந்நம்பிக்கையோடு பூட்டிய கதவுக்குள் காத்திருக்கும் முதியோர் செனாயிலும் உளர். பிற ஊர்களிலும் உளர். சென்று அமர்வது இளையோர் கடன்.