எந்திரம் வந்த இடமும் வராத இடமும்

திருப்பூரில் ஒரு டி-சர்ட், அட்டைப் பெட்டிக்குள் போவதற்கு முன் ஏழெட்டு முதலாளிகளின் கூரைக்கடியில் போய்வந்துவிடுகிறது. ஆர்டர் பிடித்த ஏற்றுமதியாளர் நூலை வாங்கி நிட்டிங் யூனிட்டுக்கு அனுப்புகிறார். பின்னிய துணி சாயப்பட்டறைக்குப் போகிறது, பிறகு காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி. வெட்டித் தைப்பதைப் பலர் தம் கம்பெனியிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அவசரம் வந்தால் அதையும் வெளியே கொடுப்பார்கள். துணி கடைசிவரை ஏற்றுமதியாளருடையது. மற்றவர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. ஊரில் இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த, நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் தன் கையில் வைத்திருக்கும் நகரம் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. தொழில்நுட்பமும் சந்தைத் தேவையும் சேர்ந்து தொழிலை வளர்க்கின்றன என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்த எந்திரம் யார் வாசலில் இறங்கியது, எது இறங்கவேயில்லை என்று பார்த்தால் அந்த வாக்கியம் போதாது. ஜாப் ஒர்க் புதியதைக் கற்பதில் கெட்டிக்கார ஏற்பாடு, பொறுப்பை ஏற்பதில் மோசமான ஏற்பாடு. வேலையைத் துண்டு போட்டதுதான் இரண்டுக்கும் காரணம்.

கெட்டிக்காரத்தனத்தை முதலில் பார்ப்போம். 1970கள் வரை இவ்வூர் பெரும்பாலும் உள்நாட்டுக்கான வெள்ளை பனியன் தைத்தது. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை வழியாக இங்கே வந்ததையே ஏற்றுமதியின் தொடக்கமாக ஊர் சொல்கிறது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஐரோப்பியக் கடைகள் வண்ணம் கேட்டன, காலர் கேட்டன, அச்சுப்படம் கேட்டன. எல்லாவற்றையும் ஒரே முதலாளி செய்தாக வேண்டும் என்றிருந்தால் அத்தனை மூலதனத்துக்கு எங்கே போவது? வேலை பிரிந்துகிடந்ததால் ஒருவர் ஒரு எந்திரம் வாங்கினால் போதும், அது ஊருக்கே ஓடும். ஜெர்மனியிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்த வட்டப் பின்னல் எந்திரங்களும் கணினி எம்பிராய்டரி எந்திரங்களும் இப்படித்தான் பரவின. பழையதை விற்றுப் புதியது வாங்கும் கம்பெனியிடமிருந்து அந்தப் பழைய எந்திரத்தை வாங்கித் தொழில் தொடங்கியவர்கள் உண்டு. திருப்பூரை ஆராய்ந்த ஷரத் சாரி போன்றோர் பதிவுசெய்திருப்பதுபோல, கைமடி உதவியாளராகவும் டைலராகவும் நுழைந்து முதலாளி ஆனவர்கள் இங்கே கணிசம். விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த, வங்கியில் அடமானம் வைக்கப் பெரிதாக ஒன்றுமில்லாத ஒருவருக்கு இவ்வளவு எளிதாக வாசல் திறந்த நவீனத் தொழில்கள் இந்தியாவில் அதிகம் இல்லை. அந்த வாசலுக்குள் சாதியும் உறவுமே பெரிய மூலதனமாக இருந்தன என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் வேலை பிரிந்ததற்குச் சந்தையின் வேகத்தை மட்டும் காரணம் காட்ட முடியாது. 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்தது. அதன்பிறகு, நூற்றுக்கணக்கானவர்களை ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பதைவிடப் பல பெயர்களில் சிறு யூனிட்டுகளாக நடத்துவது பாதுகாப்பு என்ற கணக்கு வலுத்தது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேர் இருந்தாலே தொழிற்சாலைச் சட்டம் பொருந்தும் என்ற வரம்பும் அதற்கு உதவியது. ஆக, நெகிழ்வு என்று புகழப்படுவதில் ஒரு பகுதி சந்தைக்கு ஈடுகொடுத்தது, இன்னொரு பகுதி சட்டத்திடமிருந்தும் சங்கத்திடமிருந்தும் நழுவியது. இந்த இரண்டாவது பகுதியை எந்தத் தொழில்நுட்பமும் கோரவில்லை.

குறை முழுதாகத் தெரிவது சாயப்பட்டறையில். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும், அதுவும் லிட்டருக்குப் பல பத்து கிராம் கணக்கில். சாயத்தில் ஒரு பங்கு துணியில் ஒட்டாமல் கழிந்துவிடும், உப்பு ஏறக்குறைய முழுவதுமே வெளியேறும். பழைய விஞ்ச் எந்திரத்தில் ஒரு கிலோ துணிக்குத் தண்ணீர் பத்து மடங்குக்கு மேல் பிடிக்கும், புதிய சாஃப்ட் ஃப்ளோ எந்திரத்தில் ஏறத்தாழ அதில் பாதி. சாஃப்ட் ஃப்ளோ வந்தது. ஊரின் நொய்யல் ஆற்றுக்காக வந்தது என்று சொல்வதற்கில்லை; துணியெங்கும் நிறம் சீராக விழ வேண்டும் என்று வாங்குபவர் கேட்டார், தண்ணீர் லாரிச் செலவும் ஏறிக்கொண்டிருந்தது. கழிவைச் சுத்தம் செய்யும் எந்திரத்தை மட்டும் எந்த ஆர்டரும் கேட்கவில்லை. ஏற்றுமதியாளரைக் கேட்டால் சாயம் போடுவது என் வேலையில்லை என்பார். சாயப்பட்டறைக்காரரோ கிலோவுக்கு வரும் கூலியில் இதற்கு இடமில்லை என்பார். தனித்தனியாக இருவர் சொன்னதும் உண்மைதான். உப்பு முழுவதும் ஆற்றோடு போனது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகள் உப்புக் கரித்தன.

இதைத் தீர்த்தது சந்தையும் அல்ல, தொழில்நுட்பமும் அல்ல. சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கிகளும் அதற்கு முன்பே உலகில் இருந்தவைதான். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் நீதிமன்றம் போனது. 2006-ல் உயர்நீதிமன்றம் கழிவை நிறுத்தக் கெடு விதித்தது. 2009-ல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. கெடுக்கள் கடந்தபின் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பிறகே கழிவு ஒரு சொட்டுகூட வெளியேறாத முறை ஊருக்கு வந்தது. இப்போது தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீண்டும் சாயத்துக்கே போகிறது, உப்புக் கரைசலும் திரும்பப் பயன்படுகிறது. அன்று எழுந்த மறுப்பு இதுதான்: இத்தனை செலவை ஏற்றினால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும், தொழில் செத்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகளில் அது மெய்யாகிவிடும் போலவே இருந்தது. துணி வெளியூர்களுக்குச் சாயம் போடப் போனது, பலர் தொழிலை விட்டார்கள். ஆனால் இன்றைய ஏற்றுமதி மூடலுக்கு முந்தைய அளவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்த வளர்ச்சியைச் சுத்திகரிப்பின் கணக்கில் எழுதுவது அவசரம்; ரூபாயின் சரிவும், சீனாவுக்கு மாற்று தேடிய வாங்குபவர்களும் இதில் உண்டு. சுத்திகரிப்பு தொழிலைக் கொன்றுவிடவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இன்று இதே முறையைப் பசுமை முத்திரையாக வெளிநாட்டுக் கண்காட்சிகளில் காட்டுகிறார்கள். நியாயமான பெருமைதான், அது தேடி வந்ததல்ல என்பதை மறக்காதவரை. ஆவியாக்கிக்கு விறகும் மின்சாரமும் எரிகின்றன. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பு இன்னும் மூட்டையாகக் கிடங்குகளில் கிடக்கிறது. அதற்குப் பொறுப்பாளி யார் என்றால், பழைய பதில்தான்.

இன்னொரு குறை இவ்வளவு கண்ணில் படாது. உலக ஆடைச் சந்தை பருத்தியை விட்டுச் செயற்கை இழைப் பக்கம் வெகுதூரம் போய்விட்டது. விளையாட்டு உடுப்பும் குளிர்கால உடுப்பும் அங்கேதான் இருக்கின்றன. திருப்பூரின் பிடி இன்னும் கோடைக்கால பருத்தி உடுப்பில்தான். பருத்தி நூற்பாலைகள் பக்கத்திலேயே இருப்பதும், செயற்கை இழைக்கு நீண்டகாலம் பாதகமாக இருந்த வரி அமைப்பும் காரணங்கள். ஜாப் ஒர்க்கும் ஒரு காரணம் என்பேன். பாலியெஸ்டருக்குச் சாயமிட 130 டிகிரி வெப்பத்தில் அழுத்தத்தோடு இயங்கும் எந்திரம் வேண்டும், பின்னலும் தையலும்கூட மாற வேண்டும். நிட்டிங்காரர் மாறினால் சாயமிட ஆளில்லை. சாயப்பட்டறை மாறினால் துணி வராது. ஒரு கண்ணி மட்டும் மாறினால் போதும் என்ற மாற்றத்தை இந்த ஏற்பாடு மின்னல் வேகத்தில் செய்யும். எல்லாக் கண்ணிகளும் ஒரே நாளில் மாற வேண்டிய மாற்றத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்து நிற்பார்கள். வேடிக்கை என்னவென்றால், பாலியெஸ்டர் சாயத்துக்கு அந்தப் பாழும் உப்பு தேவையே இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவரும் பெரிய ஆலைதான் வழி என்பார்கள் சிலர். 1999-ல் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தின் வட்டிச் சலுகை அந்தத் திசையில்தான் தள்ளியது. வங்கிக் கடன் வாங்க வல்லவருக்கே சலுகை, ஆகவே பெரியவர்கள் இன்னும் பெரியவர்கள் ஆனார்கள். ஆனால் அளவு பெருத்தால் பொறுப்பும் பெருகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தின் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டபோது, அந்த ஒரே கட்டடத்துக்குள் பல ஆலைகள் இயங்கின, ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். அங்கே தைத்த உடுப்புகளில் சில எந்த நிறுவனத்துக்கானவை என்பதை இடிபாட்டில் கிடந்த லேபிள்களை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. விலையை நிர்ணயிப்பவரும் விளைவைச் சுமப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பதுதான் கோளாறு. அது சிறு பட்டறையிலும் இருக்கும், எட்டு மாடியிலும் இருக்கும். ஜாப் ஒர்க் அந்த இருவருக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டுகிறது என்பதே அதன் மீதான குற்றச்சாட்டு.

அந்தத் தூரத்தைக் குறைக்கச் சட்டத்தால் முடியும் என்று நொய்யல் வழக்கு காட்டியது. எதுவரை முடியும் என்பதற்கு அண்மைய வருமான வரித் திருத்தம் ஓர் அளவுகோல். 2023-24 நிதியாண்டிலிருந்து, குறு சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தராதவர் அந்தத் தொகையை, கொடுத்து முடிக்கும்வரை, தன் செலவுக் கணக்கில் காட்ட முடியாது. ஜாப் ஒர்க் கூலிக்கு மாதக்கணக்கில் அலைபவருக்கு இது நியாயமான ஏற்பாடு. ஏற்றுமதியாளரின் முணுமுணுப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது: நியூயார்க்கிலோ லண்டனிலோ இருக்கும் கடை தொண்ணூறு நாள் கழித்துப் பணம் தரும்போது, நான் எப்படி நாற்பத்தைந்தில் தருவது? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோதும், தள்ளுபடி கொடு என்ற கோரிக்கை கடையிலிருந்து ஏற்றுமதியாளருக்கும், அவரிடமிருந்து பீஸ் ரேட்டுக்கும் இறங்கியது. நம் சட்டம் ஏற்றுமதியாளர் வரைக்கும்தான் எட்டுகிறது. கூலியையும் கெடுவையும் உண்மையில் தீர்மானிக்கிற கடை அதற்கு அப்பால் இருக்கிறது. சாயச் சுத்திகரிப்புக்குக் கிலோவுக்கு எவ்வளவு என்ற கணக்கு அந்தக் கடையின் ஆர்டர் தாளில் தனி வரியாக இன்னும் ஏறவில்லை. ஊரிலுள்ள ஏற்றுமதியாளர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால் ஒழிய ஏறப்போவதுமில்லை.