நிலம் கேட்டவரும் உழைப்புக் கேட்டவரும்

1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாப் பகுதியின் போச்சம்பள்ளியில் நிலமில்லாத தலித் குடும்பங்கள் வினோபா பாவேயிடம் 80 ஏக்கர் கேட்டன. கூட்டத்தில் இருந்த ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூமிதானம் பிறந்தது. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன, தீண்டாமைக்கு ஆளான ரொடியர் வாழ்ந்த கனதொலுவைக் கிராமத்துக்கு மாணவர்களைக் கூட்டிப் போனார். அங்கே தொடங்கியது சிரமதானம், அதாவது உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. இரண்டுக்கும் வேர் காந்தியின் சர்வோதயம்தான். ஆனால் யாரிடம் எதைக் கேட்பது என்பதில் இரண்டும் வெவ்வேறு வழியில் போயின.

வினோபா உள்ளவனிடம் கேட்டார். இலக்கு 5 கோடி ஏக்கர். வந்தது 40 லட்சத்துக்குச் சற்று மேல். அதிலும் பாறையும் வழக்கும் நிறைய. மேடையில் கொடுத்த வாக்குக்கும் கைக்கு வரும் பட்டாவுக்கும் நடுவே தாலுகா அலுவலகம் இருந்தது. தெலங்கானாவில் அப்போது விவசாயிகள் ஆயுதம் ஏந்தியிருந்ததையும் மறந்துவிடக் கூடாது. கொடுத்தவர்கள் எல்லாரும் மனம் கனிந்தே கொடுத்தார்கள் என்று நான் நம்பவில்லை.

ஆரியரத்ன எல்லாரிடமும் கேட்டார், இல்லாதவனிடமும். மண்வெட்டி பிடிக்க முடியாதவர் சமைக்கலாம். பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் அரிசி கொண்டுவந்து கொடுத்த ஊர்களும் உண்டு. வாங்குகிறவன் கை தாழ்ந்திருக்கும் வழக்கத்தை இது உடைத்தது. ஏழையும் கொடுத்தான், தன் ஊர் வீதியில் அவனுக்கும் பங்கு வந்தது. வெட்டிய கிணற்றுக்குப் பட்டா தேவையில்லை, கொடுத்த உழைப்பை யாரும் திருப்பி வாங்கவும் முடியாது. யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையம் வரைக்கும் சிரமதானம் அன்றாட வழக்காகிவிட்டது. அதிகாரிகள் மண்வெட்டியோடு படம் எடுத்துக்கொள்ளும் சடங்காகவும் ஆனது, அது வேறு கதை.

ஆனாலும் தோற்றுப்போன பூமிதானத்தின் கேள்விதான் பெரியது என்பேன். நிலம் யாருடையது என்று அது கேட்டது. 1968இல் கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரிக்கப்பட்ட பிறகு, வினோபாவோடு பூமிதானப் பயணத்தில் நடந்த ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் அங்கே வந்து அதே கேள்வியைக் கையில் எடுத்தார்கள். தானத்தை மட்டும் நம்பவில்லை. 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலக்கிழார்களோடு விலை பேசி, கடன் வாங்கி, ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்குத் தலா ஓர் ஏக்கர் என்று பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தார்கள்.

இலங்கையில் சிரமதானம் அந்தக் கேள்விக்குள் போகவில்லை. 1972இன் நிலச் சீர்திருத்தம் அரசு சட்டம் போட்டுச் செய்தது. சிரமதானத்தின் எல்லையைப் பார்க்க மலையகத் தோட்டங்களுக்குப் போக வேண்டும். அங்கே எல்லாரும் கூடி ஒரு ஞாயிற்றுக்கிழமையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வடிகாலைத் துப்புரவாக்கிவிடலாம். லயம் நிற்கும் நிலம் அரசுடையது, கம்பனிக்குக் குத்தகை. எத்தனை பேர் மண்வெட்டியோடு வந்தாலும் அந்தப் பத்திரத்தில் ஒரு வரி மாறாது.