வெளிறிய சிவப்பு

ஒரு வருடத்துக்கு முன் என் நோட்டில் எழுதி வைத்த வரி: "நிறமே இல்லை, தண்ணி மாதிரி இருக்கு. பத்துக்கு ஐந்து." இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது. அது மத்ரித்துக்கு மேற்கே கிரெடோஸ் மலையில், ஒரே தோட்டத்தில் விளைந்த கிரனாஷ் ஒயின். நான் ருசிக்கு மார்க் போடவில்லை, நிறத்துக்குப் போட்டிருக்கிறேன்.

கிரனாஷ் மெல்லிய தோல் கொண்ட திராட்சை. நிறமும் துவர்ப்பும் குறைவு. ஆனால் தாமதமாகப் பழுத்து நிறையச் சர்க்கரை சேர்த்துக்கொள்ளும். 14, 15 சதவீத ஆல்கஹால் சாதாரணம். அதனால்தான் பல இடங்களில் வேறு திராட்சைகளோடு கலந்துவிடுகிறார்கள். கலக்காமல், ஒரே தோட்டத்துப் பழத்தில் மட்டும் செய்தால் குறையை மறைக்க வழியே கிடையாது.

போன மாதம் இரண்டை அருகருகே வைத்துக் குடித்துப் பார்த்தேன். ஒன்று அதே கிரெடோஸ்: கிரானைட் மணல், குளிர்ந்த உயரம். இன்னொன்று கட்டலோனியாவின் பிரியோராட்: கரும் சிலேட் பாறை, செங்குத்துச் சரிவு. ஆல்வரோ பலாசியோஸ் 1993 முதல் 'லெர்மிதா' என்ற ஒற்றைத் தோட்ட ஒயினைச் செய்துவரும் வட்டாரம் அது. முதல் கோப்பையில் ஸ்ட்ராபெரி, ஆரஞ்சுத் தோல், ஆறிய தேநீரின் சன்னமான துவர்ப்பு. இரண்டாவதில் கறுத்த செர்ரி, அதிமதுரம், நாக்கைப் பிடிக்கும் அடர்த்தி. திராட்சை ஒன்றுதான் என்று சொன்னால் நம்பவே முடியாது.

இதை உடனே "பாறையின் ருசி" என்று எழுதிவிடுகிறார்கள். புவியியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் இதைப் பல காலமாக மறுத்துவருகிறார்: பாறையின் கனிமம் கோப்பைக்குள் ருசியாக வந்து சேர்வதில்லை. நீர் வடிவது, வெப்பம், உயரம் இவைதான் பழத்தை மாற்றுகின்றன. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இன்னொன்றும் சொல்லணும். 'ஒற்றைத் தோட்டம்' என்று லேபிளில் இருப்பது வெறும் முகவரி, தரச் சான்றிதழ் இல்லை. அளவுக்கு மீறிப் பழுக்கவிட்டு, புது ஓக் பீப்பாயில் ஊறவைத்தால் எந்தத் தோட்டமும் ஜாமும் வனிலாவும்தான். அப்படிப்பட்டதற்கும் காசு கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

நீங்கள் குடித்துப் பார்ப்பதானால் 16 டிகிரி அளவுக்குக் குளிர வையுங்கள். சூடானால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். ஒரு மணி நேரம் கழித்து அதே கோப்பைக்குத் திரும்பி வாருங்கள்.

நோட்டில் அந்த ஐந்தை அடித்துவிட்டேன். புது மார்க் எதுவும் போடவில்லை.