முகிலில் வைத்த பேரேடு

தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சு நடைபெறுகின்றது. அத்திட்டத்துக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்ட 'மோசிப்' என்னும் மென்பொருள், பெங்களூரிலுள்ள சர்வதேசத் தகவல் தொழினுட்ப நிறுவனத்தில் 2018-இல் தொடங்கியது. அதன் மூலநிரல் எவரும் படிக்கத்தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. திறந்து கிடப்பதைத் திருடன் படித்துவிடுவானே என்று அஞ்சுகின்றனர் ஒரு சாரார். நிரல் அனைவருக்கும் பொதுவாயிற்றே, ஆகவே அது பாதுகாப்பானது என்று அமைதி கொள்கின்றனர் நமது நண்பர் சிலர். இரண்டுமே தவறு. இரண்டாவது நம்மவர் தவறாகையால் அதனையே நாம் கூடுதலாகக் கண்டித்தல் வேண்டும்.

முதற் சாராருக்கு விடை கூறக் கொழும்பே போதும். 2023 ஆகஸ்டில் 'லங்கா அரசாங்க முகில்' எனப்படும் அரச சேவையகத் தொகுதியைக் கப்பம் கோரும் மென்பொருளொன்று தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகம் உள்ளிட்ட அரச நிறுவனங்களின் ஏறத்தாழ 5,000 முகவரிகள் இவ்விழப்புக்கு ஆளாயின. அஞ்சலை அங்கே நடத்தியது திறந்த நிரலா? அன்று. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் 'எக்ஸ்சேஞ்ச் 2013' என்னும், விலைகொடுத்துப் பெறும் மூடிய மென்பொருளே அது. அந்நிறுவனமே அவ்வாண்டு ஏப்ரலில் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டிருந்தது. 2021 முதல் புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிட்டிருந்தும், நிதித் தட்டுப்பாட்டாலும் முன்னைய பணிப்பாளர் சபையின் தீர்மானங்களாலும் தாமதமாயிற்று என்று பொறுப்பான முகவர் நிலையம் விளக்கம் தந்தது. இவ்வகைத் தாக்குதல், தான் எட்டக்கூடிய கோப்பு அனைத்தையும் பூட்டிவிடும் இயல்பினது; வலையமைப்போடு இணைந்திருக்கும் காப்புப் பிரதியும் அதற்குத் தப்பாது. துண்டித்துத் தனியே வைத்த பிரதி அம்மாதங்களுக்கு இருக்கவில்லை. மூலப் பத்திரம் இருக்கும் அறையிலேயே அதன் நகலையும் வைத்துவிட்டுத் தீக்கு அஞ்சாதிருப்பது எத்தகைய நிருவாகம்?

'முகில்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. முகில் என்றால் என்னவென்று எல்லப் பிள்ளைகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மலைச்சரிவில் இறங்கிக் கொழுந்து மலையை மூடி, ஒருவர் கைக்கும் அகப்படாமற் கலைவது அது. பாடநூலில் வரும் முகிலோ, சுவரும் பூட்டும் மின்சாரமும் குளிரூட்டியும் கொண்ட கட்டடத்தில் அடுக்கிய கணினிகளே. அவற்றுக்கு உடைமையாளர் உண்டு; இராப்பகலாக அவற்றைப் பேணும் தொழிலாளரும் உண்டு. இருவரையும் ஒருசேர மறைத்துவிடுகின்றது இந்த அழகான சொல்.

இனி நம் நண்பர்களிடம் வருவோம். உலகின் முகிற் சேவையகங்களுட் பெரும்பாலானவை லினக்ஸ் என்னும் திறந்த நிரலின்மீதே இயங்குகின்றன. அவற்றினூடாகச் செல்லும் இரகசியங்களை மறைகுறியாக்கிக் காக்கும் பணியில் 'ஓப்பன்எஸ்எஸ்எல்' பெரும்பங்கு வகிக்கின்றது. 2014 ஏப்ரலில் அதிலே 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும் ஓட்டை வெளிப்பட்டது. இரண்டாண்டுகளாக அந்த ஓட்டை எல்லார் கண்முன்னும் கிடந்தது. பார்க்க உரிமை பெற்றோர் கோடிப் பேர், உண்மையில் உட்கார்ந்து பார்த்தோர் மிகச் சிலர். அம்மென்பொருளுக்கு அன்றிருந்த முழுநேர ஊழியர் ஒருவரே. ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர்.

பத்தாண்டு கழிந்தும் நிலைமை பெரிதும் திருந்தவில்லை. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சிறு மென்பொருளை ஊதியமின்றித் தனியொருவர் பேணிவந்தார். அவர் களைப்புற்றிருந்த வேளையில் உதவுவார்போல் ஒருவர் வந்து, ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கையைப் பெற்று, கள்ளவழியொன்றை உள்ளே பொருத்தினார். சேவையகத்துக்குள் நுழைய வழக்கத்திலும் அரை நொடி கூடுதலாகின்றதே என ஐயுற்ற அந்திரேஸ் பிரொயிண்ட் என்னும் பொறியியலாளர், 2024 மார்ச் 29-இல் அதனை உலகுக்கு அறிவித்தார். அவர் மைக்ரோசொப்டின் ஊழியர் என்பது சுவையான முரண். நிரல் மூடியிருந்தால் அவர் ஐயத்தைத் தொடர்ந்து வேரைத் தேடியிருக்க இயலாது. ஐயுற அவருக்கு ஓய்வும் திறமையும் இல்லாதிருந்தால் திறந்திருந்தும் பயனில்லை.

இங்கே உழைப்பின் கேள்வி எழுகின்றது. ஊதியமின்றி ஆக்கிய நிரலைக் கணினியில் ஏற்றி, மணிக்கு இவ்வளவென்று வாடகைக்கு விடுகின்றன பெரிய முகில் நிறுவனங்கள். தேயிலைப் பொதியில் கொழுந்து பறித்தவள் பெயர் இல்லாததை இதனோடு ஒப்பிடத் தோன்றும். ஒப்புமை முழுமையானதன்று: நிரல் எழுதுபவருக்குப் பெரும்பாலும் வேறு சம்பளம் உண்டு, அவர் லயத்திற் பிறந்தவருமல்லர். ஆயினும் பராமரிப்புக்கு எவரும் கூலி கொடாத ஒரு பொதுச்சொத்தின்மீது உலகமே பூட்டுப் போட்டு உறங்குகின்றது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் நம் நாட்டு இளைஞர் சில வாரங்களில் ஆக்கிய 'சகானா' என்ற திறந்த மென்பொருள் அயல்நாட்டுப் பேரிடர்களிலும் உதவிற்று. அத்தகைய திறமை நம்மிடமில்லாமற் போகவில்லை. அதனைச் சம்பளம் கொடுத்து அமர்த்தும் எண்ணமே அரசிடம் குறைவு.

மலையகத்தார்க்கு இது வெறும் தொழினுட்ப விவகாரமன்று. 1948-இன் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவராக்கியது. 1949-இன் சட்டமோ, தொடர்ச்சியாக வதிந்ததை நிரூபிக்கக் கேட்டது. மணமானவர்க்கு ஏழாண்டு, மணமாகாதவர்க்குப் பத்தாண்டு. தாளிலே அதனைக் காட்ட முடியாத பெருந்தொகையினர் தள்ளப்பட்டனர். நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. பதிவேட்டில் ஒரு வரி இல்லாமையின் விலையை அறிந்த மக்கள் நாம். இப்பொழுது முகம், கண்மணி, விரல் ரேகை ஆகியவற்றையே பதிவேட்டில் ஏற்றப்போகின்றனர். திருட்டுப்போன கடவுச்சொல்லை மாற்றலாம். ரேகையை மாற்றுவது எவ்வாறு? இந்தியாவில் ஆதார் நடைமுறையிலே, உழைத்துத் தேய்ந்த விரல்களைப் பொறி ஏற்க மறுத்ததால் பங்கீட்டு அரிசியின்றித் திரும்பியோர் உண்டு. கொழுந்து பறிக்கும் விரல்களும் அத்தகையவையே.

ஆகவே, மோசிப் திறந்த நிரல் என்பதை வரவேற்போம். அந்நிரலை இயக்கும் கணினிகள் எங்குள்ளன, அவற்றின் திறவுகோல் எவரிடம், துண்டித்து வைத்த பிரதி எத்தனை நாளுக்கொருமுறை எடுக்கப்படும், மீட்டுப் பார்த்துச் சோதித்தார்களா, தாக்குதல் நிகழ்ந்தால் எத்தனை நாளில் மக்களுக்கு அறிவிப்பார்கள் என்பவற்றை எழுத்தில் கேட்போம். பிறப்புச் சான்றிதழில் ஒருவாறும் அடையாள அட்டையில் வேறொருவாறும் பெயர் எழுதப்பட்ட தோட்டத்துப் பெண், பொறி தன்னை மறுத்தால் பதுளைக் கச்சேரியில் எந்த மேசைக்குச் செல்ல வேண்டும், அங்கே தமிழில் எழுதித் திருத்த அதிகாரமுள்ளவர் யார் என்பதையும் அதே கடிதத்திற் சேர்த்துக் கேட்போம்.